கழுவிவிட்ட தரை

உங்கள் கழுத்தில் கிடப்பது உத்தரியம்தானே சார், மாதா படம் தைத்த கயிறு? சட்டைக்குள் தள்ளாதீர்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வேதக்காரர், நம்ம கிறிஸ்தவர் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். இந்த நீளப் பயணத்தில் பக்கத்தில் ஒரு வேதக்காரர் கிடைத்ததும் நல்லதுக்குத்தான்.

கடைசியாக எப்போது பூசைக்குப் போனீர்கள்?

பார்த்தீர்களா, கேட்க மாட்டேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் கேட்டுவிட்டேன். பழக்கம் அப்படி. முப்பத்தொரு வருஷமாக நான் உபதேசியார். சின்னமாதாபட்டியில். பெயர் இஞ்ஞாசி. எங்களுடையது கிளைக்கிராமம். சாமியார் ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச ஆறு நாளும் கோயில் என் கையில். திறப்பது, கூட்டுவது, கழுவுவது, மணியடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாமி இல்லாத நாளில் யாராவது தவறிப்போனால் அடக்கம் பண்ணி வைப்பது, எல்லாம்.

சிரிக்கிறீர்கள். மூன்று வருஷமா? நாலா? பரவாயில்லை. உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும். நூற்றுப்பத்து வீட்டுக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக் காரணம்தான், ஒரே ஒரு வீட்டுக் காரணம்தான், மனிதனைக் கொல்கிறது.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் பெண்சாதி அணைத் தண்ணீரில் முங்கி முழுக்கு ஞானஸ்நானம் வாங்கப்போகிறாள். பாஸ்டர் சபையில். உபதேசியார் பெண்சாதி! அவள் தண்ணீருக்குள் போகிற நேரம் நான் ஊரில் பூசைக்கு முதல் மணி அடித்துக்கொண்டிருப்பேன். மணி அணை வரைக்கும் கேட்காது. பதினெட்டு கிலோமீட்டர். இந்தப் பஸ்தான் அங்கே போகிறது, எனக்கு வழியில் இறக்கம்.

அதற்காகத்தான் இன்று விடியக்காலையில் கிளம்பிப் போனேன். போன காரியம் நடக்கவில்லை. சொல்கிறேன், முதலில் இருந்து சொல்கிறேன். நீங்கள் தூங்க வேண்டும் என்றால் தூங்குங்கள்.

எங்கள் கோயிலில் ஒரு காலத்தில் ஆம்பளைப் பக்கம் நிறைந்து, கொடிமரம் வரைக்கும் ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். இப்போது ஆம்பளைப் பக்கத்தில் ஒன்பது பேர். அதில் இருவருக்குக் காது கேட்காது. போன தவக்காலத்தில் சின்னச் சாமி, புதிதாக வந்திருக்கிறாரே, அவர் ஒரு நோட்டைக் கொடுத்து, "உபதேசியார், வீடு வீடாப் போங்க. ஏன் வரலைன்னு கேளுங்க. சண்டை போடாதீங்க. அவங்க சொல்றதை எழுதிட்டு வாங்க, போதும்" என்றார். போனேன். செருப்பு தேயப் போனேன்.

முதல் வீடு தனிஸ்லாஸ் வீடு. அவன் சொல்கிறான்: "வாரத்துல ஒரு நாள்தான் கறி எடுக்கிறோம் உபதேசியாரே. பூசை முடிஞ்சு போனா எலும்பும் சவ்வும்தான் மிஞ்சுது. ஒண்ணு சாமியை எட்டு மணிக்கு வரச்சொல்லுங்க, இல்லைன்னா கறிக்கடைக்காரனைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க." நோட்டில் 'சோம்பல்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

அவன் மகள் காலேஜில் படிக்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டே, "மாமா, பூசை நேரத்துல நீங்க பீடத்தைப் பார்த்து நான் பார்த்ததே இல்ல. யார் வந்திருக்கா, யார் வரலைன்னு எங்களையே பார்த்துட்டு நிப்பீங்க. எனக்கு அங்க ஜெபம் வரமாட்டேங்குது" என்றது. 'செல்போன்' என்று எழுதினேன்.

அருளாயி என்று ஒருத்தி. விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "எம்மக கல்யாணத்துக்கு மூணு ஞாயிறும் ஓலை வாசிச்சீங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு கேட்டுட்டு ஒரு செருமு செருமுனீங்க பாருங்க, ஊரே திரும்பி எம்மகளைப் பார்த்துச்சு. அன்னைக்கு எந்திரிச்சு வந்தவதான்." சார், எனக்குத் தொண்டையில் சளி. சளிக்கு யார் என்ன செய்ய முடியும்? 'குடும்பப் பிரச்சினை.'

இப்படி எழுதிக்கொண்டு போனேன். டி.வி., திருப்பூர் வேலை, குடி, செல்போன், சோம்பல். என் மச்சினன் வகையறா ஆறு வீட்டுக்கு 'பிற சபை.' சின்னச் சாமி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுபத்திரெண்டு வீட்டுக்கு சோம்பல்னு இருக்கு. இது அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?" என்று கேட்டார். பையன் சாமியார். கோட்டையைப் பிடித்தவர் மாதிரி பேசுவார். "சாமி, முப்பத்தொரு வருஷமா இந்த ஜனங்களை எனக்குத் தெரியும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க வீடு விட்டுப்போச்சே" என்றார்.

முறை என்றால் முறைதானே. என் வீட்டு வாசலில் நானே நோட்டோடு போய் நின்றேன். என் பெண்சாதி பிரகாசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கோயிலுக்கு வந்து அப்போது பதினோரு மாதம். இப்போது பதினாலு. சமைப்பாள், வைப்பாள், துவைப்பாள், என் அங்கியைக்கூடக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைப்பாள். பேச மாட்டாள். தமாஷாக ஆரம்பிப்போமே என்று, "அம்மா, குடும்பத் தலைவர் பெயர்?" என்றேன். கீரையை உருவினாள். "கோயிலுக்கு வராததுக்குக் காரணம் என்ன, எழுதணும்" என்றேன்.

நிமிராமல் சொன்னாள்: "கயிறு."

நான் அதை எழுதவில்லை.

என்ன கயிறு என்று நீங்கள் கேட்பீர்கள். மணிக்கயிறு சார். மரியசெல்வம் செத்த அன்றைக்கு நடந்தது.

மரியசெல்வம் பிரகாசிக்குத் தம்பி. அவனுக்கு நாலு வயதில் தாய் போய்விட்டாள். எங்கள் கல்யாணத்தன்று அக்காள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். உபதேசியாருக்குச் சீதனமாக ஒரு மச்சினன் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் பிள்ளை. வளர்ந்து ஆளாகி, பக்கத்திலேயே ஒரு கொட்டகை போட்டு மாடு வைத்திருந்தான். கல்யாணம் கூடி வரவில்லை. முப்பத்தாறு வயதில் ஒரு புதன்கிழமை காலையில் மோட்டார் ரூமில் விழுந்து கிடந்தான். பக்கத்தில் பூச்சிமருந்து டப்பா.

இருட்டில் தண்ணீர் என்று நினைத்துத் தெரியாமல் குடித்துவிட்டான் என்று ஊர் சொன்னது. எல்லோரும் அதையே சொன்னார்கள். சொல்லி முடித்து, குளிப்பாட்டி, வேட்டி கட்டி உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். சின்னச் சாமி வருடாந்தரத் தியானத்தில் இருந்தார். போனை அணைத்துவிடுவார்கள், எட்டு நாளைக்கு யாரும் பிடிக்க முடியாது. அப்போது அடக்கம் என் பொறுப்பு. நான் தலையசைத்தால் துக்க மணி அடிக்கும். தூம்பாக் கொட்டகை திறக்கும். உங்கள் ஊரில் இருக்கிறதோ என்னவோ, எங்கள் ஊரில் ஏழையோ பணக்காரனோ எல்லோரையும் கல்லறைக்குக் கொண்டுபோவது அந்தத் தூம்பாவில்தான். கறுப்புப் பட்டுப் போட்டு, நாலு மூலையிலும் இறக்கை விரித்த சம்மனசு, அதான் தேவதூதர், வைத்த பாடை. அதில் போகாதவன் ஊரான் இல்லை.

நான் தலையசைக்கவில்லை.

தற்கொலைக்கு மணி கிடையாது, தூம்பா கிடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. என் அப்பா காலத்துச் சட்டம். அவரும் உபதேசியார்தான். அப்பா ஒரு தரம் தன் சொந்தச் சித்தப்பாவையே வேலிக்கு வெளியே புதைத்தவர். அந்த நேர்மையில் வளர்ந்தவன் நான். ஊரே பொய் சொல்கிறது என்பதற்காக நானும் சொல்ல முடியுமா? மச்சினன் என்பதற்காக? மச்சினன் என்பதால்தான் சார் சொல்லக் கூடாது. நாளைக்கு இன்னொருவன் கேட்க மாட்டானா?

பிரகாசி தலைமயிர் அவிழ்ந்து கோயிலுக்கு ஓடி வந்தாள். "தெரியாமக் குடிச்சிட்டான்னு ஊரே சொல்லுது. உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவள் என்னைத் தள்ளிவிட்டுப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள். பொம்பிளை மணிக்கயிற்றைத் தொட்டு எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஒரு இழுப்பு இழுத்தாள். ஒரு அடி அடித்தது. அதற்குள் நான் பிடித்துவிட்டேன். அவள் விடவில்லை. நான் அடிக்கவில்லை சார், திட்டவில்லை. அந்த மாதிரி ஆள் இல்லை நான். அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரல், மோதிரவிரல், அப்படி. மாவில் கை வைத்த பிள்ளையின் கையை எடுக்கிற மாதிரி மெதுவாகத்தான் பிரித்தேன். கடைசி விரல் வரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். ஒரு லோடு ஆட்டோவில். யார் சொல்லி விட்டார்களோ தெரியாது. வந்த மனிதர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிரகாசியோடு சேர்ந்து அழுதார். எப்படிச் செத்தான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை சார்! அதை யோசித்துப் பாருங்கள். கேட்கவே இல்லை. அது ஒரு சபையா, ஒழுங்கா? பாடினார்கள், தூக்கினார்கள், அவர்கள் ஆள் ஒருவர் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். அடுத்த ஞாயிறு ஆறு வீடு கோயிலுக்கு வரவில்லை. அந்தச் சபையில் கீபோர்டு வாசிக்கிற சத்தத்துக்கு மயங்கிப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். இப்போதும் அது பாதி உண்மைதான்.

பாதி.

பிரகாசி அன்றைக்குப் பிறகு, அந்தக் 'கயிறு' என்றதைத் தவிர, என்னோடு பேசியது ஒரே ஒரு பேச்சுத்தான். சாப்பாடு வைக்கும்போது, விளக்குப் போடும்போது, மாசத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் கேட்பாள்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன வாரம்தான் அடுத்த வீட்டுக்காரி சொல்லித் தெரிந்தது, முழுக்கு வாங்கப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போய்விடும், அது இருக்கட்டும். உபதேசியாராக இல்லாமல் நான் என்ன என்று எனக்குத் தெரியாது, அதுவும் இருக்கட்டும். சபைக்குப் போனால் அவள் அவர்கள் ஆள்தான். அப்புறம் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்க மாட்டாள். அந்தக் கேள்வி ஒன்றுதான் சார் எங்களுக்குள் மிச்சம் இருப்பது.

அதனால்தான் பெரிய சாமியைப் பார்க்கப் போனேன். சூசைநாதர் சாமி. எங்களுக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர். இப்போது ஓய்வுபெற்ற சாமியார்கள் இல்லத்தில் இருக்கிறார், எண்பத்தாறு வயது. பிரகாசி அவர் பேச்சைத் தட்ட மாட்டாள். போகாதே என்று அவர் கையால் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால் நிற்பாள் என்று கணக்குப் போட்டேன்.

பெரிய சாமி கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தச் சட்டம் போய் எவ்வளவோ வருஷமாச்சேடா. இப்ப அப்படிச் செத்தவங்களையும் கோயில்ல வச்சுப் பூசை பண்ணித்தான் அடக்கம் பண்றோம். நான் உன்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லல சாமி."

"சொல்லியிருப்பேனே."

"இல்ல சாமி."

"அப்ப அது என் தப்பு" என்று ஒரு சுளையை எனக்கு நீட்டினார். சார், நான் அங்கே என்ன செய்வேன்? அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அப்பாவின் சித்தப்பா, மரியசெல்வம், இன்னும் இடையில் மூன்று பேர். சித்தப்பாவை வைத்தது அப்பா, மற்ற நாலு பேரையும் நான்தான் வேலிக்கு வெளியே நிறுத்தினேன். சட்டம் போய்விட்டதாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு பெரிய சாமி கேட்டார், "ஊரே தெரியாமக் குடிச்சான்னு சொன்னப்ப, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அதே கேள்வி.

உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் யாரோ. பெரிய சாமியிடம் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். பதினாலு மாதத்தில் இரண்டாவது ஆள் நீங்கள்.

செவ்வாய்க்கிழமை, அவன் சாவதற்கு முந்தின நாள், நாலு மணி இருக்கும். நான் கோயில் தரையைக் கழுவிவிட்டுப் படியில் நின்று வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மரியசெல்வம் வந்தான். ஏழு மாதமாகப் பூசைக்கு வராதவன். குளித்துச் சட்டை போட்டிருந்தான். "மச்சான், சாமி இருக்காரா?" என்றான்.

"சாமி தியானத்துக்குப் போயிருக்காரு. ஏன்?"

"சாமிகிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

நான் சிரித்துவிட்டேன். "ஏழு மாசமா வாசல் மிதிக்காதவனுக்கு இப்ப என்னடா அவசரம்? அடுத்த வாரம் சாமி வருவாரு. பூசைக்கு முன்னால வா, எல்லாரையும் போல வரிசையில நில்லு" என்றேன்.

அவன் போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். "சரி மச்சான், கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டுப் போறேனே" என்றான்.

"இப்பத்தான் கழுவிவிட்டிருக்கேன். காயட்டும். மண் காலோட மிதிச்சு வைக்காதே" என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கால் சுத்தமாகத்தான் இருந்தது. அதை நான் அப்போதே பார்த்தேன். "சரி மச்சான்" என்றான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே கொடிமரம் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போனான். தரை காய அரை மணி நேரம் ஆகும். அரை மணி.

நோட்டு எடுத்துக்கொண்டு நூற்றுப்பத்து வீடு ஏறி இறங்கினேன் சார், ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று. வந்தவன் ஒருவன். அவனை வாசலில் நிறுத்தி அனுப்பினேன். அப்புறம் அவன் வந்ததையே சாட்சியாக வைத்து அவன் மேல் தீர்ப்பும் எழுதினேன்.

பெரிய சாமி மிச்ச ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். பிறகு, "செத்துப்போற நிமிஷத்துல பாவத்துக்கெல்லாம் மனசார வருந்தி உத்தம மனஸ்தாபப்பட்டிருப்பான். முந்தின நாளே வந்து கேட்டவனாச்சே" என்றார். நான் கடிதத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "கடிதமா? நீ வாயால சொல்ல வேண்டியதை நான் காகிதத்துல எழுதித் தரணுமா? போய் அவகிட்ட சொல்லு" என்றார். கடிதம் எழுத மாட்டேன் என்றுவிட்டார். வயதாகிவிட்டது அவருக்கு. இதைப் போய்ப் பெண்சாதியிடம் சொன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமா இருப்பாள்? இன்றைக்கே போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். நான் பஸ் ஏறியதில் இருந்து இதையேதான் புரட்டிக்கொண்டு வருகிறேன். சரி, இரண்டு நாள் இருக்கிறதே. இன்று வேண்டாம், களைப்பாக இருக்கிறது. நாளை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இதோ எங்கள் ஊர் வளைவு வந்துவிட்டது. கொஞ்சம் இருங்கள் சார், பையை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே நிற்கிறது யார்? வெள்ளைச் சேலையில்?

சார், அது பிரகாசி.

கூட இரண்டு பேர், பாஸ்டர் வீட்டம்மாவும் இன்னொன்றும். கையில் துணிப்பை. ஏறுகிறாள். இந்தப் பஸ்ஸில்தான் ஏறுகிறாள். உபவாச ஜெபம் இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற இருவரும் அந்தப் பக்கம்.

இல்லை, நான் இறங்கவில்லை. போகட்டும், பஸ் போகட்டும்.

சார், ஒரு உதவி. நீங்கள் வெளியூர், உங்களை அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால் போய், 'அம்மா, உங்கள் வீட்டுக்காரர் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார்' என்று சொல்லுங்களேன். செவ்வாய்க்கிழமை, நாலு மணி, தரை கழுவியிருந்தது, அதை மட்டும் சொன்னால் போதும். மீதி அவளுக்குப் புரிந்துவிடும். நீங்கள் நல்லபடியாகச் சொல்வீர்கள். எனக்குச் சொல்ல வராது. முப்பத்தொரு வருஷம் மற்றவர்களுக்காக எழுதி வைத்ததை வாசித்த வாய் சார் இது.

தலையை ஆட்டாதீர்கள். யோசித்துச் சொல்லுங்கள்.

என்ன கண்டக்டர் தம்பி? தெரியும், எங்கள் ஊர் தாண்டிவிட்டது, தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு அம்மா ஏறியது பாருங்கள், அது எங்கே இறங்குகிறதோ அங்கே ஒரு டிக்கெட் கொடுங்கள். வம்பெல்லாம் இல்லை தம்பி. என் பெண்சாதி.

கேட்டீர்களா சார், கண்டக்டர் சொல்வதை? பெண்சாதி என்றால் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்து இடம் காலியாகத்தானே இருக்கிறது என்கிறார்.

காலியாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள் சார். நான் போக வேண்டும்.